விஞ்ஞானம் யாருடைய பாடம்? - ஜனாஸா எரிப்பை முன்வைத்து ஒரு விவாதம்

1

நமது ஊர்களில் சாதாரண தரப் பெறுபேறு வெளியாகின்ற அன்று ஒரு பங்கீடு நடக்கின்றது. கெட்டிக்காரப் பிள்ளை உயிரியலுக்கு அல்லது கணிதத்துக்கு. அடுத்தது வர்த்தகத்துக்கு. மிஞ்சியது கலைக்கு. 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு வந்த பிறகும் இந்த வரிசை குலையவில்லை. கலைக்கு மேலே இன்னொரு படி கூடியது, அவ்வளவுதான். கலைப்பிரிவில் படித்து, கலைப்பிரிவுக்கே படிப்பித்துக்கொண்டிருக்கின்றவன் என்ற வகையில் இந்தப் பங்கீட்டை ஒவ்வொரு வருடமும் பார்த்துக்கொண்டிருக்கின்றேன். பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து விடுகின்ற வாப்பாமாரின் முகத்தில் ஒரு மையித்து வீட்டுக் களை இருக்கும்.

தொழில், சம்பளம், சீதனம் என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். அவற்றைப் பற்றி ஏற்கனவே நிறையப் பேசியாயிற்று. நான் பேச வருவது பங்கீட்டுக்குள் ஒளிந்திருக்கின்ற வேறொரு நம்பிக்கையைப் பற்றி. உலகம் எப்படி இருக்கின்றது என்று சொல்லும் உரிமை விஞ்ஞானம் படித்தவருக்கு. அதைப் பற்றி எப்படி உணர்கின்றோம் என்று சொல்லும் உரிமை மற்றவருக்கு. உண்மை அவர்களுக்கு, உணர்ச்சி நமக்கு. பெற்றோர் இப்படி நினைப்பதை விளங்கிக்கொள்ளலாம். நமது எழுத்தாளர்களும் இதையே ஏற்றுக்கொண்டு தமக்கு ஒதுக்கப்பட்ட பாதியில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

எனது வாதம் எளிமையானது. விஞ்ஞானம், தொழில்நுட்பம், மருத்துவம் ஆகிய மூன்றும் மனிதர் செய்கின்ற காரியங்கள். மனிதர் செய்கின்ற எதையும் போல அவற்றுக்கும் வரலாறு உண்டு, மொழி உண்டு, அதிகாரம் உண்டு, பணம் உண்டு, பயம் உண்டு. எனவே அவை வரலாறும் சமூகவியலும் இலக்கியமும் படிக்கின்றவர்களின் பாடமும் ஆகும். இதை ஒரு கல்விக் கொள்கை ஆலோசனையாக நான் சொல்லவில்லை. இதைப் படிக்காமல் விட்டதற்கு 2020 இலும் 2021 இலும் நமது சமூகம் கொடுத்த விலையை நினைவில் வைத்துக்கொண்டே சொல்கின்றேன்.

2

2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வெளிவந்த அதிவிசேட வர்த்தமானியை இப்போது மீண்டும் எடுத்து வாசித்துப் பாருங்கள். கொவிட் 19 இனால் மரணித்தவரின் உடல் 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எரிக்கப்பட வேண்டும் என்று அது சொல்கின்றது. அதில் இனம் இல்லை, மதம் இல்லை, வெறுப்பு இல்லை. பாகையும் நிமிடமும்தான் இருக்கின்றன. அதுதான் அந்தப் பிரதியின் பலம். வெறுப்பைக் கக்கும் மேடைப் பேச்சுக்கு நம்மால் பதில் சொல்ல முடியும். வெப்பநிலைக்கு என்ன பதில் சொல்வது?

இந்த இடத்தில்தான் பிரதியை வாசிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். ஒரு கவிதையைக் கையில் எடுத்தால் யார் பேசுகின்றார், யாரை நோக்கிப் பேசுகின்றார், எது சொல்லாமல் விடப்பட்டிருக்கின்றது என்று கேட்கப் பழகியவர்கள் நாம். அதே கேள்விகளை அந்த வர்த்தமானியிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டுப் பார்ப்போம்.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24 இல் வெளியிட்ட வழிகாட்டலில், தொற்றுநோயால் இறந்தவர்களை எரித்துத்தான் ஆக வேண்டும் என்பது பரவலாக நம்பப்படுகின்ற ஒரு பிழையான கருத்து என்றும், அடக்குவதா எரிப்பதா என்பது பண்பாட்டுத் தெரிவையும் வசதியையும் பொறுத்தது என்றும் சொல்லப்பட்டிருந்தது. மூன்று நாள் கழித்து, மார்ச் 27 இல், நமது சுகாதார அமைச்சின் வழிகாட்டல் வந்தது. அதிலும் அடக்கம் செய்ய இடமிருந்தது. மார்ச் 31 இல் அது திருத்தப்பட்டு எரிப்பு மட்டும் என்றாயிற்று. அந்த நான்கு நாளுக்குள் எந்த ஆய்வுகூடத்தில் எந்தப் புதிய உண்மை கண்டுபிடிக்கப்பட்டது? மக்கள் முன் ஒன்றும் வைக்கப்படவில்லை. அந்த நான்கு நாளுக்குள் நடந்த ஒரு காரியம் நமக்குத் தெரியும்: முதலாவது முஸ்லிம் மரணம் நிகழ்ந்தது.

பிறகு வந்தது நிலத்தடி நீர். புதைத்தால் வைரசு நிலத்தடி நீரில் கலக்கும் என்றார்கள். வைரசைப் பற்றி உயர்தர உயிரியல் மாணவனுக்குத் தெரிந்ததே இதற்குப் போதும். உயிருள்ள கலத்துக்கு வெளியே அது பெருகாது. இந்த வைரசு பிரதானமாகப் பரவுவது சுவாசத்தின் வழியாக. ஆனால் உயிரியலைத் தாண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: நீரைப் பற்றித்தான் கவலை என்றால் ஆயிரக்கணக்கான உயிருள்ள நோயாளிகளின் மலசலம் எங்கே போனது? வைத்தியசாலையின், தனிமைப்படுத்தல் நிலையத்தின், வீட்டின் மலசலகூடக் குழி நிலத்துக்குள்தானே இருக்கின்றது? உயிரோடு இருக்கும்வரை நீரைக் கெடுக்காதவன் மையித்தான பிறகு மட்டும் கெடுக்கின்றான் என்றால், பிரச்சினை நீரில் இல்லை.

2020 டிசம்பரில் இதைவிட வேடிக்கையான ஒன்று நடந்தது. இலங்கை முஸ்லிம்களின் ஜனாஸாக்களை மாலைதீவில் அடக்க முடியுமா என்று நமது அரசு கேட்டது. மாலைதீவும் அதைப் பரிசீலிப்பதாக அறிவித்தது. மாலைதீவு முருகைக் கற்பாறைத் தீவுகளின் கூட்டம். அங்கே ஓரிரு மீற்றர் ஆழத்திலேயே நன்னீர் மிதக்கின்றது. நீர் மட்டம் உயர்ந்திருப்பதால் இங்கே புதைக்க முடியாது என்று சொன்ன வாய்தான், உலகத்திலேயே நீர் மட்டம் மிக உயர்ந்த நாடுகளில் ஒன்றைச் சுட்டிக்காட்டியது. இதைப் பிடிப்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஒரு பூகோளப் பாடப்புத்தகம் போதும். பூகோளம் கலைப்பிரிவுப் பாடம்.

3

விஞ்ஞானம்தான் அந்தத் தீர்மானத்தை எடுத்தது என்றால், விஞ்ஞானம்தான் அதை மாற்றியிருக்கவும் வேண்டும். நடந்த ஒழுங்கைப் பாருங்கள்.

2020 டிசம்பர் 1 இல் உயர் நீதிமன்றம், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்திருந்த அடிப்படை உரிமை மீறல் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே பெரும்பான்மைத் தீர்ப்பால் தள்ளுபடி செய்தது. காரணம் கூறப்படவில்லை. டிசம்பர் 9 இல், பிறந்து இருபதே நாளான ஒரு பாலகன் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டான். மாத இறுதியில் அரசே நியமித்த நிபுணர் குழு அடக்கத்துக்கும் இடமளிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இலங்கை சமுதாய மருத்துவர்கள் கல்லூரி அதையே சொன்னது. ஜனவரி தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கமும் சொன்னது. இத்தனை விஞ்ஞானம் வந்த பிறகும் எரிப்பு நிற்கவில்லை. பெப்ரவரி 10 இல் பிரதமர் பாராளுமன்றத்தில் அடக்கத்துக்கு அனுமதி என்றார். அடுத்த நாட்களில் அந்த வாக்கு கரைந்து போயிற்று. பெப்ரவரி 23 இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் வாக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே முஸ்லிம் நாடுகளின் வாக்குகள் தேவைப்பட்டன. பெப்ரவரி 25 இல் வர்த்தமானி மாறியது.

அத்தோடும் முடியவில்லை. மார்ச் தொடக்கத்தில் அடக்குவதற்கென்று தெரிவு செய்யப்பட்ட இடம் இரணைதீவு. நீண்டகால இடப்பெயர்வுக்குப் பிறகு 2018 இல்தான் போராடித் தமது மண்ணுக்குத் திரும்பியிருந்த தமிழ்க் கத்தோலிக்க மீனவர்களின் தீவு அது. அவர்கள் எதிர்த்தார்கள். எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? ஒரு சமூகத்தின் மையித்தை இன்னொரு சமூகத்தின் வாசலில் கொண்டுபோய் வைக்கின்ற தீர்மானத்தை எந்த நீரியல் விஞ்ஞானம் எடுத்துக்கொடுத்தது? பின்னர் மார்ச் 5 இலிருந்து ஓட்டமாவடி, சூடுபத்தினசேனை மஜ்மா நகர். காலியில் மரணித்தவரும் கண்டியில் மரணித்தவரும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்து அங்கேதான் அடங்க வேண்டும். ஒரு வருடம், 2022 மார்ச் வரை, இப்படி மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அந்த மண்ணுக்குப் போனார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, பௌத்தர், இந்து, கிறிஸ்தவரும் அங்கே உறங்குகின்றார்கள். ஓட்டமாவடி மண்ணில் பாதுகாப்பான அடக்கம் சொந்த ஊர் மையவாடியில் ஏன் பாதுகாப்பில்லாமல் போனது என்று எந்த நிபுணரும் விளக்கவில்லை.

இதே காலத்தில், இதே டிசம்பரில், கேகாலையில் ஒருவர் கொவிட்டுக்கு மருந்தென்று ஒரு பாணி காய்ச்சினார். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சரே பகிரங்கமாக அதைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே தொற்று உறுதியானது. அவர்தான் அதற்கு முந்திய மாதம் நோய் நீங்குவதற்காக ஆற்றில் மந்திரித்த நீர்க்குடம் போட்டவரும். இதை யாருடைய நம்பிக்கையையும் பரிகசிப்பதற்காக நினைவூட்டவில்லை. பாலகனின் உடலுக்கு 1200 பாகை விஞ்ஞானம் பேசிய அதிகாரம், உயிருள்ளவர்களின் மருந்துக்குப் பாணியை நீட்டியது. ஆகவே இந்த அரசு விஞ்ஞானத்தை நம்பியது, நம்பவில்லை என்பதல்ல விடயம். எங்கே விஞ்ஞானத்தின் மொழி தேவையோ அங்கே அதை எடுத்தது, எங்கே தேவையில்லையோ அங்கே வைத்தது. இந்த எடுப்பையும் வைப்பையும் படிப்பதற்குத்தான் மானிடவியல்களும் சமூக விஞ்ஞானங்களும் இருக்கின்றன.

வேறு விதமாகவும் இது நடந்திருக்கலாம் என்பதற்கு நமது அண்டையிலேயே சான்று உண்டு. பம்பாய் மாநகராட்சியும் 2020 மார்ச் 30 இல் எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. சில மணித்தியாலத்துக்குள் அதை வாபஸ் வாங்கியது. அங்கே பந்த்ரா மையவாடியில் அடக்கம் செய்வதை எதிர்த்து வந்த மனுக்களை அந்த வருடம் மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த நீதியரசர்கள் வைரசு விஞ்ஞானிகள் அல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை வாசித்தார்கள், சான்று எங்கே என்று கேட்டார்கள், சான்று இல்லை என்று கண்டார்கள். கேட்கத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

4

2020 க்கு முன்பே பாடம் தொடங்கிவிட்டது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தின் கறிக்குள் கருத்தடை மாத்திரை இருப்பதாகச் சொல்லிக் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாக்கட்டி என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வு பிறகு சொன்னது. அதற்கிடையில் திகன எரிந்து முடிந்திருந்தது. 2019 மே மாதம் குருநாகல் வைத்தியர் ஷாபி மீது ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று ஒரு பத்திரிகை முன்பக்கத்தில் தொடங்கிவைத்த குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்குச் சொன்னது. 2022 இல் அவருக்கு நிலுவைச் சம்பளம் கிடைத்தது. நாடு மருந்தில்லாமல் தவித்த அந்த வருடத்தில் அவர் அந்தப் பணத்தை மருந்து வாங்குவதற்கே கொடுத்தார்.

அப்போது நமது வைத்தியர்கள் விளக்கம் கொடுத்தார்கள். உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்தில் இல்லை. சிசேரியன் சத்திரசிகிச்சையின்போது அறையில் இருக்கின்ற மற்றவர்களுக்குத் தெரியாமல் அப்படி ஒன்றைச் செய்வது நடக்கின்ற காரியம் இல்லை. எல்லாம் சரியான விளக்கங்கள். ஒருவரும் கேட்கவில்லை. ஏன்?

அந்தப் பயம் மருத்துவத்தில் பிறந்ததல்ல என்பதால். அது எண்ணிக்கையில் பிறந்தது. குடிசன மதிப்பீடு நமது நாட்டில் மனிதரை இனம் இனமாக எண்ணத் தொடங்கிய காலனித்துவக் காலத்துக்கு அந்தப் பயத்தின் வேர் போகின்றது. எண்ணத் தொடங்கினால் கூடுதல் குறைதல் வரும். கூடுதல் குறைதல் வந்தால் பெண்ணின் கருப்பை இனத்தின் எல்லைக்கோடாகிவிடும். இது சனத்தொகையியலும் வரலாறும் பெண்ணியமும் சேர்ந்து பேச வேண்டிய கதை. மாத்திரை இல்லை என்று சொல்ல வைத்தியர் போதும். மாத்திரை இருப்பதாக ஏன் நம்பினார்கள் என்று சொல்ல வைத்தியர் போதாது. இந்த இரண்டாவது கேள்விக்கு நமது சமூகம் ஆள் தயாரித்து வைக்கவில்லை.

5

இப்படியொரு படிப்பு புதிதா? இல்லை. 1935 இல் லுட்விக் ஃப்ளெக் என்ற போலந்து யூத வைத்தியர், மேகநோயைக் கண்டறிகின்ற இரத்தப் பரிசோதனை எவ்வாறு உருவானது என்பதை ஆராய்ந்து, ஒரு விஞ்ஞான உண்மை தனிமனித மூளையில் உதிப்பதில்லை, ஒரு குழுவின் சிந்தனைப் பழக்கத்துக்குள் வளர்கின்றது என்று ஒரு நூல் எழுதினார். பிற்காலத்தில் அவரே நாஸிகளின் அவுஷ்விட்ஸிலும் புகன்வால்டிலும் கைதியாக இருந்தார். 1962 இல் தோமஸ் கூன் எழுதிய விஞ்ஞானப் புரட்சிகள் பற்றிய நூல் இந்தப் பாதையை அகலமாக்கியது. இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் இது ஒரு துறை. கொழும்பு மருத்துவ பீடத்திலேயே மருத்துவத்தை மானிடவியல்களோடு சேர்த்துப் பார்க்கவென்று ஒரு துறை இயங்குகின்றது.

இந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து ஓர் உதாரணம். அங்கே டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல் நோய் எப்படி வளர்கின்றது என்று அரச சுகாதார சேவை பார்த்துக்கொண்டிருந்தது. 1940 களில் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. இது ஒளிவுமறைவாக நடந்ததல்ல. முடிவுகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்துகொண்டே இருந்தன. வைத்தியர்கள் வாசித்தார்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பினார்கள். 1972 இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் அது நின்றது. விஞ்ஞானத்தின் உள்ளே இருந்தவர்களுக்குத் தரவாகத் தெரிந்தது, வெளியே இருந்தவர்களுக்குக் கொடுமையாகத் தெரிந்தது. வெளியே ஆள் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன நியாயம் வேண்டும்?

நமது நாட்டிலேயே 1934 - 35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். நுளம்பு பரப்பியது என்பது உயிரியல். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருகியது என்பது காலநிலை. அறுவடை இல்லாமல் பட்டினியில் கிடந்த உடல்கள்தான் அதிகம் விழுந்தன என்பது பொருளாதாரம். பிறகு டிடிடி தெளித்தோம். 1963 இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தினோம். 1960 களின் இறுதியிலேயே நோய் பல இலட்சமாகத் திரும்பி வந்தது. 2016 இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. இந்தக் கதையை நுளம்பின் கதையாக மட்டும் எழுத முடியாது. யார் எழுதுவது? பூச்சியியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் எழுதலாம்.

6

இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

நம்மிடையே விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச்சு இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கின்றது. பிரெஞ்சு வைத்தியர் மொரிஸ் புகைல் 1976 இல் எழுதிய நூலுக்குப் பிறகு அது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. கருவியல், பெருவெடிப்பு, மலைகள், கடல்கள் எல்லாம் குர்ஆனில் முன்பே சொல்லப்பட்டுவிட்டன என்று மேடைதோறும் கேட்கின்றோம். வேதத்துக்குச் சிறப்புச் செய்வதாக நினைத்துக்கொண்டுதான் இதைச் செய்கின்றார்கள். உண்மையில் நடப்பது என்ன? விஞ்ஞானத்தை நீதிபதி ஆசனத்தில் ஏற்றிவிட்டு வேதத்தைச் சாட்சிக் கூண்டில் நிறுத்துகின்றார்கள். விஞ்ஞானம் சொன்னால் சரி என்பதே இந்த வாதத்தின் அடித்தளம். நாற்பது வருடமாக அந்தப் பாடத்தை மிம்பரிலிருந்து கேட்டுப் பழகிய சமூகத்திடம், ஒரு நாள் அரசு வந்து விஞ்ஞானம் எரிக்கச் சொல்கின்றது என்றால், அது எந்த நாவால் மறுத்துப் பேசும்?

இப்னுல் ஹைதமின் பெயரை நமது பேச்சாளர்கள் பதக்கம் போல நெஞ்சில் குத்திக்கொள்கின்றார்கள். அவர் தொலமியின் மீதான ஐயங்களைத் தொகுத்து ஒரு தனி நூலே எழுதினார் என்பதை எத்தனை பேர் சொல்கின்றார்கள்? தனது காலத்தின் மிகப் பெரிய விஞ்ஞான அதிகாரத்தை வரி வரியாகக் கேள்வி கேட்டவர் அவர். 1377 இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், கல்விகளையும் கைவினைகளையும் நகர வாழ்வின் வளர்ச்சியோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தார்; சோதிடத்தையும் இரசவாதத்தையும் மறுத்தார்; நபிவழி மருத்துவம் என்று சொல்லப்படுவது அரபு நாட்டார் பழக்கத்தைச் சேர்ந்தது, வஹியைச் சேர்ந்ததல்ல என்றும் துணிந்து எழுதினார். அதாவது மருத்துவத்தைச் சமூகத்துக்குள் வைத்துப் பார்க்கின்ற படிப்பு நமது மரபிலேயே ஆறரை நூற்றாண்டுக்கு முன்பு இருந்தது. அதை விட்டுவிட்டுக் கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டோம்.

நமது சிறுசஞ்சிகைக்காரர்களையும் விட்டுவைக்க முடியாது. பின்நவீனத்துவம் வந்த காலத்தில் 'விஞ்ஞானமும் ஒரு கதையாடலே' என்ற வசனத்தை மனப்பாடம் செய்தவர்கள் பலர். அதற்குப் பிறகு அவர்கள் ஒரு விஞ்ஞானக் கதையாடலைத்தானும் எடுத்துப் பிரித்துக் காட்டினார்களா? ஒரு வழிகாட்டலை, ஒரு ஆய்வறிக்கையை, ஒரு வைத்தியசாலையின் நோயாளி அட்டையை? எல்லாம் கதையாடல் என்று சொல்லிவிட்டால் எதையும் வாசிக்கத் தேவையில்லை என்ற சோம்பேறித்தனமாகத்தான் அது முடிந்தது. இன்னும் ஆபத்தாக, எல்லாம் கதை என்றால் நிலத்தடி நீர்க் கதையும் ஒரு கதை, உலக சுகாதார நிறுவனத்தின் கதையும் ஒரு கதை என்றாகிவிடும். அப்போது அதிகாரம் உள்ளவனின் கதைதான் வெல்லும். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான புரூனோ லத்தூரே 2004 இல் இதையிட்டுக் கவலைப்பட்டு எழுதினார்: விஞ்ஞானத்தை விமர்சிக்கத் தாங்கள் செய்த கருவிகளைக் காலநிலை மாற்றத்தை மறுக்கின்றவர்கள் தூக்கிக்கொண்டு போகின்றார்களே என்று.

எனவே என்னைத் தடுப்பூசி எதிர்ப்பாளர்களோடு சேர்த்துவிட வேண்டாம். அதே காலத்தில் வாட்ஸ்அப் குரல் பதிவுகளில் ஊசியைப் பற்றி வந்த புளுகுகளும், நிலத்தடி நீர்ப் புளுகும் ஒரே குடும்பம். இரண்டும் சான்றுக்குப் பதில் பயத்தை வைக்கின்றன. ஜனாஸாவை எரிப்பதை எதிர்த்து நின்றதில் நல்ல விஞ்ஞானத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மனச்சாட்சியோடு பேசிய வைத்தியர்கள், அவர்களில் சிங்கள வைத்தியர்கள் பலர், இல்லாவிட்டால் நமது நிலை இன்னும் மோசமாகியிருக்கும். நான் கேட்பது விஞ்ஞானத்தைக் கும்பிடவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம், அது எப்படிச் செய்யப்படுகின்றது என்று படியுங்கள் என்பதைத்தான். சமையலறைக்குள் போய்ப் பார்த்தவனை, கறிக்குள் மாத்திரை என்று சொல்லி ஏமாற்ற முடியாது.

7

எரிப்பைப் பற்றி நம்மிடம் கவிதைகள் நிறைய வந்தன. சாம்பல் என்ற சொல் அந்த ஒரு வருடத்தில் தேய்ந்தளவுக்கு வேறெந்தச் சொல்லும் தேயவில்லை. அவற்றின் வேதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் பொரளை கனத்தையின் வாசற்கதவில் ஒருவர் பின் ஒருவராக வந்து வெள்ளைத் துணித் துண்டைக் கட்டிவிட்டுப் போனார்களே, இனம் மதம் பாராமல், அந்தச் செயல் நமது கவிதைகளைவிடக் கூர்மையாக அந்த வர்த்தமானியை வாசித்திருந்தது. 1200 பாகை என்ற இலக்கத்துக்குள் மறைக்கப்பட்டிருந்த கபன் துணியை அது வெளியே எடுத்துக் காட்டியது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்பதற்குத் தீர்மானித்தது. 276 முஸ்லிம்கள் எரிக்கப்பட்டதாக அப்போது சொல்லப்பட்டது. அடக்கத்தால் நீர் மாசடையவில்லை என்பதை இலங்கையில் செய்த ஆய்வு காட்டியதாகவும் சொன்னார்கள். எரித்து முடித்த பிறகு ஆய்வு வந்தது. மன்னிப்பை வைத்துக்கொள்வோம். மார்ச் 27 க்கும் 31 க்கும் இடையில் யார் எந்தக் கூட்டத்தில் எந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு பேசினார்கள் என்பதற்கு மன்னிப்புக்குள் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடுவது அரசின் வேலை மட்டுமல்ல, ஆய்வாளனின் வேலையும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகின்றது. நமது பிரதேசத்துப் பல்கலைக்கழகங்களில் தமிழ் படிக்கின்ற பிள்ளைகள் வருடா வருடம் ஆய்வுக் கட்டுரை எழுதுகின்றார்கள். இன்னாரின் சிறுகதைகளில் பெண் பாத்திரங்கள், இன்னாரின் கவிதைகளில் சமூக நோக்கு. ஓட்டமாவடியில் மண் வெட்டியவர்கள் உயிரோடு இருக்கின்றார்கள். ஜனாஸா வாகனம் ஓட்டியவர்கள் இருக்கின்றார்கள். கையெழுத்து வைக்க மறுத்த பெற்றோர் இருக்கின்றார்கள். கட்டளையை நிறைவேற்றிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கின்றார்கள். அவர்களில் இரவில் தூங்காதவர்களும் இருந்திருப்பார்கள். இவர்கள் சொல்வதை யார் பதிவு செய்கின்றார்? அந்த விவாதத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடந்தது. வழிகாட்டல்களையும் மனுக்களையும் நிபுணர் அறிக்கைகளையும் ஒழுங்காகத் தமிழாக்கித் திகதி வரிசைப்படுத்தி ஒரு தொகுப்பு செய்ய நமக்கு எத்தனை பேர் தேவை? ஐந்து பேர் போதும்.

தமிழில் முடியுமா என்று கேட்க வேண்டாம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, உடற்கூற்றியல் முதல் இரணவைத்தியம் வரை ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கிவிட்டுப் போனார். கடல் கடந்து வந்த ஒருவரால் அன்று முடிந்தது, இந்த மொழியில் பிறந்து இந்த மொழியிலேயே அழுகின்றவர்களால் இன்று முடியாதா?

ஜனாஸா எரிப்போடு இது தீர்ந்துவிடவும் இல்லை. வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளின் சிறுநீரகங்கள் செத்துக்கொண்டிருப்பதற்கு என்ன காரணம் என்று இத்தனை வருடமாகியும் நிபுணர்கள் உடன்படவில்லை. அந்த விவாதத்துக்குள் உரக் கம்பனியும் இருக்கின்றது, தேசாபிமானமும் இருக்கின்றது. 2021 ஏப்ரலில் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்து, பயிர் கருகி, நவம்பரில் தடையைத் தூக்கினார்கள். அம்பாறையின் வயல்களில் அதன் கணக்கு இன்னும் ஆறவில்லை. நாளை மரபணு வரும், செயற்கை நுண்ணறிவு வரும், நமது முகத்தைக் கண்டுபிடிக்கின்ற கமரா வரும். ஒவ்வொன்றும் இலக்கத்தின் மொழியில், வெறுப்பில்லாத முகத்தோடுதான் வரும்.

உயர்தரத்தில் கலையைத் தெரிவு செய்கின்ற பிள்ளைக்கு நான் சொல்கின்றேன்: நீ விஞ்ஞானத்திலிருந்து தள்ளிவிடப்பட்டவன் அல்ல. அதை இன்னொரு வாசலால் போய்ப் பார்க்க வேண்டியவன். உயிரியல் படித்து வெள்ளைக் கோட்டுப் போடுகின்ற உனது நண்பனுக்கு உன்னுடைய கேள்விகள் தேவைப்படும். உனக்கு அவனுடைய சான்றுகள் தேவைப்படும். நமது எழுத்தாளர்களுக்குச் சொல்வது இதுதான்: அடுத்த வர்த்தமானி வெளிவருகின்ற அன்று முதலில் பேனையை எடுக்க வேண்டாம். முதலில் அதை வாசியுங்கள்.